சுதந்திராக் கட்சியும் காவிரிக்கரைக் குத்தகைதாரரும்

1964 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தார். ஐம்பது மாநிலங்களில் ஆறு மட்டுமே அவர் பக்கம் நின்றன. அரசின் கையைக் கட்ட வேண்டும், வரியைக் குறைக்க வேண்டும், சந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்ற அரசியலுக்கு அந்த நாட்டில் இனி இடமில்லை என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். மூன்றாண்டு முடிவதற்குள், 1967 பிப்ரவரியில், ஏறத்தாழ அதே கொள்கைகளைப் பேசிய இந்தியாவின் சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்துக் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக அமர்ந்தது. அந்த ஆண்டில் இரு நாடுகளையும் ஒருசேரப் பார்த்த ஒருவர், வலதுசாரிப் பொருளாதார அரசியலுக்கு எதிர்காலம் இந்தியாவில்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதில் தவறு காண முடிந்திருக்காது. நடந்ததோ நேர்மாறு. 1980-இல் ரொனால்ட் ரீகன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோல்ட்வாட்டரோடு தோற்றுப்போன கொள்கைகள் அமெரிக்க அரசின் கொள்கைகளாயின. சுதந்திராக் கட்சி 1971 தேர்தலில் 8 இடங்களுக்குச் சுருங்கி, 1974-இல் சரண்சிங்கின் பாரதிய லோக்தளத்தில் கரைந்தே போனது. தொடங்கியவர் ராஜாஜி. கட்சி பிறந்த இடம் சென்னை. அது ஏன் தன் சொந்த மண்ணிலேயே வேர்பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு டெல்லியைவிடத் திருச்சியில் தெளிவான விடை கிடைக்கிறது என்பது என் வாதம்.

கட்சியின் கொள்கை காலம் தவறிப் பிறந்ததாகச் சொல்ல இடமில்லை. 1955-இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் மட்டும் தனித்து மறுப்புக் குறிப்பு எழுதினார்: பற்றாக்குறை நிதியில் நடத்தும் திட்டம் விலைவாசியை ஏற்றும், கட்டுப்பாடுகள் ஒன்று இன்னொன்றைப் பெறும் என்றார். அதே ஆண்டில் மில்டன் ஃப்ரீட்மன் டெல்லிக்கு வந்து நிதியமைச்சகத்துக்கு ஒரு குறிப்புத் தயாரித்துக் கொடுத்தார். அமெரிக்கப் பழமைவாதத்துக்கு மேடை அமைத்த ‘நேஷனல் ரெவ்யூ’ இதழை வில்லியம் பக்லி தொடங்கியது 1955-இல். ராஜாஜி வாரந்தோறும் எழுதிய ‘ஸ்வராஜ்யா’ இதழ் சென்னையில் காசா சுப்பாராவை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது 1956-இல். பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் சுதந்திரத் தொழில் மன்றத்தை நிறுவியதும் அதே 1956. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை இலக்காக ஏற்றவுடன், அதுவரை கட்டுரைகளில் இருந்த எதிர்ப்பு கட்சியாக உருவெடுத்தது. 1959 ஜூன் 4 அன்று சென்னையில் அறிவிப்பு, என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். ஆந்திரத்தில் ஜமீன்தாரி முறையை எதிர்த்துப் போராடிய உழவர் தலைவர் ரங்கா என்பதை மறக்காமல் இருப்பது நல்லது. ஜமீன்களுக்காகவே பிறந்த கட்சி என்ற எளிய வசை உண்மையோடு முழுதும் பொருந்தவில்லை. லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யம் என்று ராஜாஜி சூட்டிய பெயர் கட்சி மறைந்து அரை நூற்றாண்டாகியும் வழக்கில் இருக்கிறது. ஒரு கட்சியின் சொல் நிலைத்து, கட்சி மட்டும் நிலைக்காமல் போனதுதான் விளக்கம் கேட்கும் செய்தி.

விளக்கத்தை ராஜாஜியின் சொந்த வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். திருச்சிக்கும் அவருக்கும் பழைய உறவு. 1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீட்டிலிருந்து, ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், பின்னர் ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சர். 1937-இல் ராஜாஜி முதன்முதலாகச் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பேற்றபோது கொண்டுவந்த பெரிய சட்டங்களில் ஒன்று 1938-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். நிலுவை வட்டியைத் தள்ளி, கடனை வெட்டிக் குறைத்த சட்டம் அது. கடன் கொடுத்தவன் கையிலிருந்த பத்திரமும் சொத்துதான். அதன் மதிப்பை அரசு ஒரு கையெழுத்தில் குறைத்தது. 1952-இல் அவர் மீண்டும் முதலமைச்சரானபோது இரண்டு காரியங்கள் செய்தார். உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் துணிந்து நீக்கினார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னது பலிக்கவில்லை. சந்தையின் மேல் அவர் வைத்த நம்பிக்கைக்கு அது முதல் வெற்றி. அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தையும் அவரே கொண்டுவந்தார். குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது அவருக்கு வேண்டும் என்று மிராசுதாரின் களத்துக்குள் அரசை நுழைய விட்டது அந்தச் சட்டம். கம்யூனிஸ்டுகள் டெல்டாவில் பலம் பெற்றிருந்த நேரம் அது. ஆட்சியில் இருந்தவர் அவர். தேவை கொள்கையை வென்றது. அதில் ராஜாஜியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அரசு நினைத்தால் நிலவுடைமையாளர் கையைப் பிடிக்க முடியும் என்பதைக் காவிரிப் பாசன உழவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஏழாண்டு கழித்து, அரசின் கைதான் ஆபத்து என்று அவர் சொன்னபோது அந்தப் பாடம் அவர்கள் நினைவில் இருந்தது.

அந்தப் பாடம் களத்துமேட்டில் எப்படித் தெரிந்தது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அறுத்த கதிர் கட்டு கட்டாகக் களத்துக்கு வரும். அடித்துத் தூற்றிய நெல் பொலியாகக் குவிந்து நிற்கும். மிராசுதார் வருவது அரிது. அவருடைய காரியக்காரர் வருவார். மரக்கால் அவர் கையில். விதை, எரு, முன்பணம், கோயில் மகமை என்று கழிவுகள் முதலில் போகும். மிஞ்சுவதில் பங்கு பிரியும். வாரக்காரர் அந்த அளவைத் தட்டிக் கேட்டால் அடுத்த போகம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். எழுத்தில் எதுவும் கிடையாது, ரசீதும் கிடையாது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1956-இல் நியாய வாரச் சட்டமும் வந்தன. நன்செயில் நிலவுடைமையாளருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 என்று வரம்பு ஏற்பட்டது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரருக்கு உறுதியான ஐந்தில் இரண்டு, நான்கே ஆண்டில் ஐந்தில் மூன்றானது. மழையோ விலையோ விதையோ மாறவில்லை, சட்டம் மட்டுமே மாறியது. நடைமுறையில் பல ஊர்களில் இது ஏட்டளவில் நின்றது உண்மை. ஆனாலும் வருவாய் நீதிமன்றத்துக்குப் போக ஒரு வழி இருக்கிறது என்ற செய்தியே களத்துமேட்டில் குரலை மாற்றியது.

திருச்சி மாவட்டத்தில் அந்தச் செய்தி இன்னும் கூர்மையாக வந்தது. அன்று இம்மாவட்டத்தில் இருந்த குளித்தலை வட்டத்தில், நங்கவரம் பண்ணை நிலங்களில், கையேறுவாரம், மாட்டுவாரம் என்று குத்தகைக்கும் கூலிக்கும் நடுவில் நின்ற பங்குமுறைகள் இருந்தன. 1957-இல் குளித்தலையிலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றம் சென்ற மு. கருணாநிதி தம் முதல் பேச்சை நங்கவரம் உழவர் பிரச்சினைக்கே கொடுத்தார். 1958-இல் காங்கிரஸ் ஆட்சி திருச்சிராப்பள்ளி கையேறுவாரம், மாட்டுவாரச் சட்டம் என்று இந்த ஒரு மாவட்டத்துக்காகவே தனிச் சட்டம் செய்தது. இதற்கு அடுத்த ஆண்டு பிறந்த கட்சி சுதந்திராக் கட்சி. இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். அரசின் சட்டம் தன் வயலுக்கு வந்து சேர்ந்த ஈரம் காய்வதற்குள், அரசு விலகி நிற்க வேண்டும் என்ற அழைப்பை அந்த உழவர் கேட்டார். நிலத்தைப் பறித்துக் கூட்டுப் பண்ணையில் சேர்த்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கை பட்டா வைத்திருந்தவரைக் கலக்கியிருக்கும். பட்டாவே இல்லாதவருக்கு அதில் இழக்க என்ன இருந்தது?

1961-இன் நில உச்சவரம்புச் சட்டமும் 1964-இன் 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் இந்தப் பிளவை வெளிப்படையாக்கின. சென்னை மாநிலத்தின் உச்சவரம்பு 30 தர ஏக்கர். 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. ஜூனில் வந்த 17-ஆவது திருத்தம் ரயத்துவாரி நிலத்தையும் ‘எஸ்டேட்’ என்ற வரையறைக்குள் இழுத்து, சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. ராஜாஜியும் ரங்காவும் இதை எதிர்த்து நாடு முழுக்கப் பேசினார்கள். அவர்கள் வாதத்தில் ஒரு பாதி வலுவானது. நீதிமன்றம் தள்ளிய சட்டத்தைப் பூட்டி வைக்க ஒரு அட்டவணை இருக்கிறது என்றால், நாளை அதில் எதை வேண்டுமானாலும் பூட்டலாம். அப்படியே பின்னர் நடந்தது. மறுபாதி அத்தனை வலுவானதல்ல. உச்சவரம்புக்கு உட்பட்டுச் சொந்தமாகச் சாகுபடி செய்யும் நிலத்தை எடுத்தால் சந்தை விலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே திருத்தம் பாதுகாப்பும் தந்திருந்தது. சிறு உழவர் நிலம் போய்விடும் என்ற பிரசாரம் இந்த வரியைக் கடந்து சென்றது. பெரிய பண்ணைகளோ பினாமிப் பெயர்களில் நிலத்தை எழுதி வைத்துக்கொண்டன. கிராமத்தில் எல்லோருக்கும் அது தெரியும். சொத்துரிமை என்ற உயர்ந்த சொல் அந்தப் பெயர்களோடு சேர்ந்தே குத்தகைதாரர் காதில் விழுந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அரசின் உதவியில் வாழ்கிறவர்கள் அரசை எதிர்க்க மாட்டார்கள் என்பது அமெரிக்காவில் பொய்த்துப்போன கணக்கு. கோல்ட்வாட்டரின் அரிசோனா மாநிலம் கூட்டாட்சி அரசின் அணைகளால் பயிரான பாலைவனம். மத்திய அரிசோனா நீர்த்திட்டத்தை ஆதரித்தவர்களில் கோல்ட்வாட்டரும் உண்டு. ரீகனுக்குக் கோட்டையாக இருந்த தென் கலிபோர்னியப் புறநகர்கள் ராணுவத் தளவாட ஒப்பந்தங்களால் செழித்தவை. முக்கொம்பில் மேலணையும் மேட்டூரில் அணையும் அரசு கட்டியவை என்பதால் மட்டுமே காவிரி உழவர் அரசின் பக்கம் நின்றார் என்றால், அரிசோனாக்காரரும் அப்படியே நின்றிருக்க வேண்டும். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அது என் வாதத்தைக் கூர்மையாக்கவே உதவுகிறது. அரசு என்ன கொடுத்தது என்பதோடு, யாரிடமிருந்து காத்தது என்பதையும் கேட்க வேண்டும். அமெரிக்க அரசு தண்ணீரும் சாலையும் வீட்டுக்கடனும் கொடுத்தபோது பெற்றவரின் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் இழப்பில்லை. உதவி வாங்கியவர் சொத்துக்காரரானார், பிறகு தன் உழைப்பாலேயே ஆனதாக நினைத்தார். காவிரிக்கரையில் அரசு கொடுத்தது அண்டை வீட்டு மிராசுதாருக்கு எதிரான உரிமை. அங்கே அரசைச் சுருக்கு என்று சொல்வது மிராசுதாரை மறுபடி களத்துக்குக் கூப்பிடுவதாகவே கேட்டது.

அமெரிக்காவிலும் இதற்கு இணையான மக்கள் இருந்தார்கள். தென் மாநிலங்களின் கறுப்பின மக்களுக்கு மத்திய அரசுதான் உள்ளூர் அதிகாரத்திடமிருந்து காத்த கை. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராகச் செனட்டில் வாக்களித்த கோல்ட்வாட்டரை அவர்கள் ஒட்டுமொத்தமாக நிராகரித்தார்கள். அவர் வென்ற ஆறில் ஐந்து மாநிலங்கள் வெள்ளையர் ஆதிக்கம் நிலவிய ஆழ்தெற்கு. ஆனால் கறுப்பின மக்கள் அந்த நாட்டில் சிறுபான்மை. அவர்களை இழந்தும் ஒரு கட்சி நாட்டைப் பிடிக்க முடிந்தது, அவர்கள் மேலிருந்த வெறுப்பு அதற்குத் துணையாகவும் இருந்தது. தமிழ்நாட்டில் அரசைக் காப்பாகக் கண்டவர்கள் பெரும்பான்மை. 1951-இன் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை அடிபட்டதும், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி திறந்தது அந்தத் திருத்தம். ஜமீன்தாரி ஒழிப்புக்கு அரண் அமைத்து ஒன்பதாவது அட்டவணையைத் தொடங்கியதும் அதே திருத்தம். அப்போது மத்திய உள்துறை அமைச்சர் ராஜாஜி. அரசியல் சட்டத்தைத் தொடாதே என்ற சுதந்திராக் கட்சியின் முழக்கம் பம்பாய் வணிகருக்கு உரிமைக் குரலாக ஒலித்திருக்கலாம். கல்லூரியில் முதல் தலைமுறையாக இடம் வாங்கிய லால்குடிப் பையனின் வீட்டில் அது வேறு விதமாக ஒலித்தது.

வாதத்தைச் சோதிக்கக் குஜராத் உதவும். அங்கே கேடா மாவட்டப் பட்டிதார்கள் தாங்களே உழுது உடைமையும் வைத்திருந்த உழவர்கள். பாய்காகா என்று அழைக்கப்பட்ட பாய்லால்பாய் படேல் தலைமையில் சுதந்திராக் கட்சி 1962-இல் 26, 1967-இல் 66 சட்டமன்ற இடங்களை வென்றது. உழைப்பவரும் உடைமையாளரும் ஒரே ஆளாக இருந்த இடத்தில் கட்சிக்குச் சொந்தக் கால் இருந்தது. நம் கொங்கு நாட்டிலும் உழுதுண்ணும் உடைமையாளர்கள் உண்டே, அங்கே ஏன் கட்சி வேரூன்றவில்லை என்று கேட்கலாம். அங்கே கிணறும் மின்சாரப் பம்புசெட்டும்தான் வாழ்வு. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்து எழுந்த உழவர் போராட்டம், தமிழ்நாடு கண்டவற்றில் வரிமறுப்பு இயக்கத்துக்கு மிக நெருங்கியது. 1978-இல் கலிபோர்னியாவில் சொத்துவரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிய 13-ஆவது முன்மொழிவு அரசின் வருவாயை வெட்டி ரீகனுக்குப் பாதை போட்டது. இங்கே நடந்த எழுச்சி 1990-இல் உழவருக்கு இலவச மின்சாரத்தில் போய் முடிந்தது. அரசு நம்மை விட்டு விலகட்டும் என்று அந்த உழவர்கள் கேட்கவேயில்லை. நேரடி வரி கட்டுவோர் மிகச் சிலராக இருந்த நாட்டில், விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வரியே இல்லாத நாட்டில், வரிக்கு எதிரான மக்கள் இயக்கம் எங்கிருந்து வரும்?

திருச்சி நகரத்தின் பக்கம் வந்தால் படம் இன்னும் அழுத்தமாகிறது. 1928 முதல் பொன்மலை ரயில்வே பணிமனை. 1965-இல் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை. அடுத்த ஆண்டு படைக்கலத் தொழிற்சாலை. தாமிரமும் எஃகும் வளைக்கத் தெரிந்த ஒரு தலைமுறை, மாதச் சம்பளமும் குடியிருப்பும் மருத்துவமனையும் அரசிடமிருந்து பெற்றது. பொதுத்துறை வீண் செலவு என்று மசானி நாடாளுமன்றத்தில் பேசிய காலத்தில், ஒரு விவசாயக் கூலியின் மகன் ஐ.டி.ஐ. சான்றிதழோடு திருவெறும்பூர் வாயிலுக்குள் போவதைத்தான் இந்த ஊர் கண்டது. திருச்சி மக்களவைத் தொகுதி 1962-இல் பொன்மலைத் தொழிற்சங்கத் தலைவர் கே. அனந்தன் நம்பியாரைக் கம்யூனிஸ்டாக அனுப்பியது. 1967-இல் அவரையே மார்க்சிஸ்டாக மறுபடி அனுப்பியது. அந்த 1967 தேர்தலில்தான் தி.மு.க. அணியில் ராஜாஜியின் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் ஒன்றாக இருந்தார்கள். ரேஷனை 1952-இல் ஒழித்தவரின் கட்சி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று முழங்கிய அணியில் நின்று ஓட்டுக் கேட்டது. பெரும்பாலும் தனித்து நின்ற 1962-இல் கட்சிக்குச் சட்டமன்றத்தில் கிடைத்தவை 6 இடங்கள். இந்தக் கூட்டணியில் கிடைத்தவை 20. காங்கிரசின் ஏகபோகத்தை உடைக்க வேண்டும் என்ற ராஜாஜியின் நோக்கம் நிறைவேறியது. அதற்கு அவர் கொடுத்த விலை தம் கொள்கைக்கு ஒரு தமிழ் வாக்காளர் கூட்டத்தை உருவாக்கும் வாய்ப்பு. வெற்றிக்குப் பிறகு அண்ணா திருச்சிக்கு வந்து பெரியாரைச் சந்தித்தார். தேர்தலில் காமராசரை ஆதரித்து இந்த அணியை எதிர்த்தவர் பெரியார். ஆனாலும் புதிய ஆட்சியின் வேர் எந்தப் பக்கம் என்பதை அந்தப் பயணம் ஊருக்குச் சொல்லிவிட்டது.

சாதியே முழுக் காரணம் என்பவர்களும் உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று பெயர்பெற்று அவர் பதவியையே கொண்டுபோனது. அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும் அந்த நிழலில்தான் கேட்கப்பட்டது. இதை மறுக்க முடியாது. ஆனால் சாதி மட்டுமே விடை என்றால், ராஜாஜியின் பிராமணச் சாதியினர் நிறைந்த ஸ்ரீரங்கமாவது இந்தக் கட்சிக்கு நிலையான கோட்டையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. டெல்டாவின் பிராமண மிராசுதார்கள் அதற்கு முன்பே நிலத்தை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தெய் அந்த விலகலைப் பதிவு செய்திருக்கிறார். நிலத்தை விற்ற பணம் மகனின் படிப்பாகி, ரயில்வே, வங்கி, மத்திய அரசு அலுவலக வேலைகளாக மாறியது. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் ஓய்வூதியத்தில் வாழ்ந்த குடும்பங்கள் அரசின் செலவு குறைய வேண்டும் என்று எப்படிக் கேட்கும்? சொத்துரிமைக் கட்சியின் இயல்பான ஆதரவாளர்கள் சொத்தை விட்டுச் சம்பளத்துக்கு வந்துவிட்டார்கள்.

மதப் பழமையும் பொருளாதாரப் பழமையும் இங்கே ஒன்றுசேராததும் இதோடு சேர்ந்த செய்தி. அமெரிக்காவில் 1979-இல் ஜெர்ரி ஃபால்வெல்லின் ‘மாரல் மெஜாரிட்டி’ தேவாலயங்களை வரிக்குறைப்பு அரசியலோடு பிணைத்தது. அரசுதான் நம் நம்பிக்கைக்கும் நம் பணப்பைக்கும் பொது எதிரி என்று ஒரே மூச்சில் சொல்ல அங்கே முடிந்தது. ஸ்ரீரங்கத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை. அரங்கநாதர் கோயில் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது, அதே கோயில் பெரிய நிலவுடைமையாளரும் ஆகும். பொது அறக்கட்டளைகளை உச்சவரம்பிலிருந்து விலக்கிய 1961-இன் அரசு, அவற்றின் குத்தகைதாரருக்கும் தனிச் சட்டத்தில் பாதுகாப்புக் கொடுத்தது. கோயிலை அரசு விட்டு வெளியேற வேண்டும் என்பவர், கோயில் நிலத்துக் குத்தகைதாரரின் உரிமை என்னவாகும் என்பதற்கு விடை வைத்திருக்க வேண்டும். சுதந்திராக் கட்சி வைத்திருக்கவில்லை. இன்றும் அந்தக் கோரிக்கையை எழுப்புகிறவர்களிடம் தெளிவான விடையை நான் கேட்டதில்லை.

கட்சியின் கொள்கையே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது நியாயமாகாது. லால்குடிப் பக்கத்து டால்மியாபுரத்தில் 1939 முதல் சிமெண்ட் ஆலை ஓடியது. ஆனால் விலையும் விநியோகமும் அரசின் கையில் இருந்தன. ஆலைப் புகை தெரியும் தூரத்தில் வீடு கட்டுகிறவரும் மனு எழுதி, அலுவலக வாசலில் காத்திருந்து, இத்தனை மூட்டை என்று அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுதும் போனது. தட்டுப்பாடும் அதோடு போனது. ராஜாஜி சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து சரி. பெரிய முதலாளிகளோ பெரும்பாலும் காங்கிரசோடுதான் இருந்தார்கள். லைசென்ஸ் கொடுக்கும் கையைப் பகைப்பது தொழிலுக்கு ஆகாது; லைசென்ஸ் வாங்கியவருக்கு மற்றவர் வாங்காமலிருப்பது லாபமும்கூட. ஜே.ஆர்.டி. டாட்டா சுதந்திராக் கட்சிக்கு நன்கொடை தரப்போவதாக நேருவிடமே சொல்லிவிட்டுக் கொடுத்தது விதிவிலக்கு. துவாக்குடியில் பெல் ஆலையின் ஆர்டரை நம்பி எழுந்த நூற்றுக்கணக்கான துணைத் தொழிற்கூடங்கள் இதன் பின்னாளைய வடிவம். தனியார் முதலாளிகள்தான், ஆனால் வாங்குவோர் ஒருவரே, அவரும் அரசு. கொதிகலன் ஆர்டர் வற்றிய ஆண்டுகளில் அவர்கள் கேட்டது பெல்லுக்கு அரசு கூடுதல் வேலை தர வேண்டும் என்பதையே. உரிமையாளர் கட்சி ஒன்றுக்கு வேண்டிய தற்சார்புள்ள சிறுதொழில் வகுப்பு இப்படி உருவாகாது.

ஆகவே 1991-இல் லைசென்ஸ் முறை உடைந்தபோது அதை உடைத்தது அந்த முறையைக் கட்டிய காங்கிரசே. அந்நியச் செலாவணி தீர்ந்த நெருக்கடியில், மேலிருந்து, அதிகாரிகளும் அமைச்சர்களும் செய்த காரியம் அது. மக்களிடம் வாதாடி ஓட்டு வாங்கி வந்ததல்ல. கோல்ட்வாட்டரிடமிருந்து ரீகனுக்குப் பதினாறு ஆண்டில் கொள்கை போய்ச் சேர்ந்த வழியில் கட்சி மாநாடுகளும் மாணவர் அமைப்புகளும் தேவாலயங்களும் வரிமறுப்பு வாக்கெடுப்புகளும் இருந்தன. நல்லதோ கெட்டதோ, அது மக்கள் நடுவே வளர்ந்த அரசியல். இங்கே கொள்கை வந்தது, அரசியல் வரவில்லை. அதனால்தான் பொருளாதாரச் சீர்திருத்தத்தை இன்றுவரை எந்தக் கட்சியும் தேர்தல் மேடையில் பெருமையோடு சொல்வதில்லை. அதைவிட வருத்தமான ஒன்றும் நடந்தது. சுதந்திராக் கட்சி பாரதிய லோக்தளத்திலும், அது 1977-இல் ஜனதாக் கட்சியிலும் கலந்தது. அந்த ஜனதா ஆட்சிதான் 1978-இல் 44-ஆவது திருத்தத்தின் மூலம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. எந்த உரிமையைக் காக்க 1959-இல் ஒரு கட்சி பிறந்ததோ, அதை நீக்கிய அணியில் அதன் வாரிசுகளும் இருந்தார்கள். நாட்டில் பெரிய எதிர்ப்பேதும் எழவில்லை.

இன்று சொத்துரிமை திருச்சியில் யாருக்கு உயிர்ப் பிரச்சினை என்று பார்த்தால், பெரிய பண்ணைக்காரருக்கல்ல, ஸ்ரீரங்கத்தின் அடிமனைக்காரருக்குத்தான். கோயிலைச் சுற்றிய வீதிகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களுக்கு வீடு சொந்தம். வீடு நிற்கும் மனை கோயிலுக்கு என்று நிர்வாகம் சொல்கிறது. விற்கப் போனால் பத்திரப் பதிவில் தடை, வங்கிக்குப் போனால் கடனுக்குத் தடை. அவர்களில் பெரும்பாலோர் பெருமாளுக்கு விளக்குப் போடாமல் ஒரு நாளும் கழிக்காதவர்கள். கோயிலுக்குச் சொத்து வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம், தங்கள் மனைக்குப் பட்டா வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. கரையில் அதே கோயிலின் நஞ்சையைச் சாகுபடி செய்பவர் கேட்பதும் எழுத்தில் ஓர் உரிமைதான். பட்டா இல்லாதவருக்குப் பட்டா என்ற இடத்திலிருந்து தொடங்கும் ஒரு சொத்துரிமை அரசியலை ராஜாஜி 1959-இல் தொடங்கியிருக்க முடியும். அதற்கான கையிருப்பு 1952-இல் அவர் போட்ட கையெழுத்திலேயே இருந்தது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.